சமைத்த சாக்லேட் ஐசிங்குக்கு டிஜிட்டல் வெப்பமானி தேவையா? சேலத்திலும் ஏற்காட்டிலும் பயன்படுத்திய அனுபவம்

சர்க்கரை, கோகோ, பால் மூன்றையும் அடுப்பில் காய்ச்சி, பாகுப் பதத்தில் இறக்கி, வெண்ணெய் சேர்த்து ஆறவிட்டு, பிறகு கடைந்து கேக்கின் மேல் தடவுகிற பழைய முறை சாக்லேட் ஐசிங், சேலத்து வெயிலைத் தாங்குவதற்கென்றே அமைந்த பண்டம். ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 38, 39 டிகிரியைத் தொடும் ஊரில், 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும் வெண்ணெயை நம்பிச் செய்கிற பட்டர் கிரீம், ஃபிரிட்ஜை விட்டு வெளியே வந்த சிறிது நேரத்திலேயே கேக்கின் ஓரமாக வழியத் தொடங்கும். விப்பிங் கிரீமின் கதி அதைவிட மோசம். சமைத்த ஐசிங்கோ கொழுப்பின் பலத்தில் நிற்பதில்லை, நுண்ணிய சர்க்கரைப் படிகங்களின் பலத்தில் நிற்கிறது. ஆகவே மின்சாரம் போனாலும், கேக்கை வண்டியில் வைத்து ஆத்தூர் வரை கொண்டுபோனாலும் அது குலையாது. இத்தனை இருந்தும் வீட்டில் கேக் செய்கிறவர்கள் பலர் இதை ஒதுக்கிவிட்டதற்குக் காரணம் ஒன்றுதான்: ஒரு முறை வழவழவென்று வரும், மறுமுறை மணல் மணலாக வரும், இன்னொரு முறை பாத்திரத்திலேயே இறுகிப்போய் கரண்டியும் வெளியே வராது. இந்த நிச்சயமின்மையைத் தீர்த்துவிடும் என்று சொல்லி விற்கப்படுகிற டிஜிட்டல் சமையல் வெப்பமானி அந்த வேலையைச் செய்கிறதா, எந்த இடத்தில் செய்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதை இந்த மதிப்புரையில் எழுதுகிறேன்.

நான் பயன்படுத்தியது பேனா போன்ற உருவமும் ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய எவர்சில்வர் ஊசியும் கொண்ட சாதாரண வகை. இதே அச்சில் வார்த்தது போன்ற கருவி இணையக் கடைகளில் பல பெயர்களில் விற்கிறது. ஆகவே நிறுவனத்தின் பெயரைச் சொல்வதால் வாசகருக்குப் பயன் எதுவும் இல்லை. விலை சில நூறு ரூபாய். மைனஸ் 50 முதல் 300 டிகிரி வரை அளக்கும், ஒரு டிகிரி முன்பின் இருக்கலாம் என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். செல்சியஸ், பாரன்ஹீட் இரண்டிலும் காட்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். எல்ஆர்44 என்கிற பொத்தான் பேட்டரியில் ஓடுகிறது. அது கைக்கடிகாரம் பழுது பார்க்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கருவிகளில் ஒன்றை வைத்துச் சமாளிக்கலாமே என்று நினைக்கிறவர்களுக்காகச் சில வார்த்தைகள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 டிகிரியோடு நின்றுவிடும். கொரோனா காலத்தில் வாங்கிவைத்த, நெற்றிக்கு நேரே நீட்டுகிற துப்பாக்கி வகைக் கருவியும் உடல் வெப்பத்துக்கானதே. கொதிக்கிற பாகுக்கு நேரே நீட்டினால் ‘ஹை’ என்று காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். பள்ளி ஆய்வகங்களில் பயன்படுகிற கண்ணாடி வெப்பமானி பெரும்பாலும் 110 டிகிரி வரைதான் போகும். நமக்கு வேண்டிய பதம் அதற்குச் சற்று மேலே இருக்கிறது. அதிலும் பாதரசம் அடைத்த பழைய வகையை உணவுப் பாத்திரத்தின் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. தொழிற்கூடங்களுக்கான அகச்சிவப்புத் துப்பாக்கி நூற்றுக்கணக்கான டிகிரி வரை காட்டும் என்றாலும், அது மேற்பரப்பை மட்டுமே அளக்கிறது; ஆவி எழும்பிக்கொண்டிருக்கும்போது அதன் கணக்கு கீழே இறங்கிவிடும், பளபளப்பான எவர்சில்வர் ஓரத்தில் பட்டுவிட்டால் அது சொல்வது எதுவும் நம்பத்தக்கதாக இருக்காது. மிட்டாய் செய்வதற்கென்றே வருகிற, பாத்திரத்தின் ஓரத்தில் மாட்டக்கூடிய கண்ணாடி வெப்பமானி நல்ல கருவி. ஆனால் அதன் குமிழ் முழுகும் அளவுக்குப் பாகு ஆழமாக இருக்க வேண்டும். ஒரு கேக்குக்கு நாம் காய்ச்சும் அளவில் அந்த ஆழம் கிடைப்பதில்லை. ஊசி முனையில் மட்டும் உணரி இருக்கிற டிஜிட்டல் வகைக்கு இரண்டு சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே போதும் என்பதால், வீட்டு அளவுக்கு இதுவே பொருந்துகிறது.

கருவியை எடைபோடுவதற்கு முன் ஐசிங் எப்படி உருவாகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் எந்த இடத்தில் அளக்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரியவரும். எட்டு அங்குல விட்டத்தில் இரண்டடுக்குக் கேக்குக்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவு, சர்க்கரை 400 கிராம், இனிப்புச் சேர்க்காத கோகோ 45 கிராம், பால் 170 மில்லி, உப்பில்லாத வெண்ணெய் 60 கிராம், லிக்விட் குளுக்கோஸ் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா ஒரு தேக்கரண்டி. பாலுக்கு ஆவின் பச்சை நிறப் பாக்கெட் போதும், அதில் 4.5 சதவீதம் கொழுப்பு இருக்கிறது. சர்க்கரையையும் கோகோவையும் உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்துகொண்டு, அதன் பிறகு பாலைச் சிறிது சிறிதாக ஊற்றினால் கோகோ கட்டி தட்டாது. இளந்தீயில் சர்க்கரை முழுவதும் கரைகிற வரை கிளற வேண்டும். கொதி வந்த பிறகு கரண்டியை எடுத்துவிட வேண்டும். பாத்திரத்தின் உள்விளிம்பில் தெறித்து ஒட்டியிருக்கும் சர்க்கரையைத் தண்ணீரில் நனைத்த பிரஷால் துடைத்துவிடுவது அவசியம், ஏனென்றால் அங்கே காய்ந்து நிற்கிற ஒரு துளிச் சர்க்கரை பாகுக்குள் விழுந்தால், அதைப் பற்றிக்கொண்டு மற்ற சர்க்கரையும் பெரிய பெரிய படிகங்களாகத் திரண்டுவிடும். நாக்கில் நறநறக்கும் மணல் பிறப்பது இப்படித்தான். லிக்விட் குளுக்கோஸ் இந்தத் திரட்சியைத் தாமதப்படுத்துகிறது. அதற்குப் பதிலாக எலுமிச்சைச் சாறு விடச் சொல்கிறவர்கள் உண்டு. வெறும் சர்க்கரைப் பாகுக்கு அது சரி, பால் சேர்ந்த பாகில் திரிந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிச் சர்க்கரையின் அடர்த்தி கூடுகிறது, அடர்த்தி கூடக்கூட அதன் கொதிநிலையும் ஏறுகிறது. அதனால் வெப்பமானி காட்டும் எண், உண்மையில் பாகில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருக்கிறது என்பதன் கணக்குதான். ஐசிங்குக்கு வேண்டிய பதத்தில் சர்க்கரை ஏறத்தாழ 85 சதவீதம் இருக்கும். கடல் மட்டத்தில் அது 112 முதல் 116 டிகிரிக்குள் வருகிறது. அதிரசத்துக்கு வெல்லப் பாகு எடுக்கும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, அது கரையாமல் விரலுக்குத் திரண்டு வருகிறதா என்று பார்க்கிறோமே, அதே பதம்தான் இதுவும். துண்டு போடுகிற ஃபட்ஜ் இனிப்புக்கு இந்த வரம்பின் மேல்பக்கம் வரை போகலாம்; கேக்கின் மேல் தடவ வேண்டிய ஐசிங்குக்குக் கீழ்ப்பக்கத்திலேயே, அதாவது 113 அளவில் நிறுத்திவிடுவது நல்லது.

இந்த 113 என்கிற எண்தான் ஏமாற்றுகிறது. சமையல் குறிப்புகளும், சில வெப்பமானிகளின் பெட்டியிலேயே ஒட்டிவரும் பதப் பட்டியலும் கடல் மட்டத்துக்கு எழுதப்பட்டவை. உயரம் கூடினால் காற்றழுத்தம் குறைந்து தண்ணீர் முன்கூட்டியே கொதிக்கிறது. சுமார் 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும். கடல் மட்டத்துக்குச் சுமார் 280 மீட்டர் மேலே இருக்கிற சேலத்தில் தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், 1,500 மீட்டர் உயரத்தில் அது 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பாகுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஆகவே நிலையான ஓர் எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, இருக்கிற இடத்தில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று அளந்துகொண்டு, அதற்கு மேல் 13 டிகிரி ஏறியதும் அடுப்பை அணைப்பது என்று வைத்துக்கொண்டால் எந்த ஊரிலும் பிழை வராது. சேலத்தில் அது 112, ஏற்காட்டில் 108. குறிப்பில் 113 என்று இருக்கிறதே என்று ஏற்காட்டிலும் அதுவரை காய்ச்சினால், அது கடல் மட்டத்தில் 118 டிகிரிக்குப் போன பாகுக்குச் சமம். அந்த ஐசிங்கைக் கேக்கின் மேல் பரப்புவதற்குள் இறுகிவிடும்; பரப்பிவிட்டாலும் கத்தி வைத்தவுடன் சில்லுச் சில்லாக உடையும்.

கருவி வாங்கியதும் முதலில் செய்ய வேண்டியது இரண்டு சோதனைகள். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஊசியை நடுவில் பிடித்தால் எந்த ஊரிலும் பூஜ்யம் காட்ட வேண்டும். பிறகு நன்றாகத் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில், ஊசி அடியில் படாமல் பிடித்துப் பார்க்க வேண்டும். என்னிடம் இருப்பது ஐஸில் பூஜ்யத்தையும் சேலத்துக் கொதிநீரில் 99 டிகிரியையும் காட்டியது. இந்த விலைக்கு அது பாராட்டத்தக்க துல்லியம். மலையில் இருப்பவர்கள் கொதிநீரில் 95 காட்டுகிறது என்பதற்காகக் கருவி பழுது என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம். ஐஸில் பூஜ்யம் காட்டுகிறவரை கருவி சரியாகவே இருக்கிறது. ஐஸில் இரண்டு காட்டி, கொதிநீரிலும் இரண்டு கூடுதலாகக் காட்டினால் அந்த இரண்டைக் கழித்துக்கொண்டு பயன்படுத்தலாம். ஒரு முனையில் சரியாகவும் மறுமுனையில் தாறுமாறாகவும் காட்டுகிற கருவியை வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

ஏற்காட்டில் இருக்கும் என் அத்தை, கிறிஸ்துமஸ் சமயத்தில் அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் கேக் செய்து கொடுப்பவர். வெப்பமானி என்கிற பொருளைத் தம் அடுப்படிக்குள் விடாதவர். அவர் வீட்டு அடுப்பில் இந்தக் கருவியைப் பாகில் வைத்தபோது நடந்த பேச்சு இந்த மதிப்புரைக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். “நம்பரெல்லாம் இருக்கட்டும் கண்ணு, ஒரு சொட்டு தண்ணியில விட்டுப் பாரு, அதுவே சொல்லிரும்” என்றார். “அத்தை, 108 காட்டுதுங்க, கீழே நம்ம வீட்டுல இதுக்கு 112 வரணும்” என்றேன். அவர் பதில் பேசாமல் கிண்ணத்துத் தண்ணீரில் கரண்டியைச் சாய்த்தார்; சொட்டு அடியில் போய்த் தங்கியது, இரண்டு விரலால் உருட்டினார், மெழுகு போல உருண்டு, விரலை எடுத்ததும் மெல்லத் தட்டையானது. உடனே அடுப்பை அணைத்துவிட்டார். தண்ணீர்ச் சோதனைக்கு உயரம், காற்றழுத்தம் என்கிற கணக்கெல்லாம் தேவையில்லை. அது பாகின் அடர்த்தியை நேரடியாகவே காட்டிவிடுகிறது. ஒரே நிபந்தனை, கிண்ணத்தில் இருப்பது குளிர்ந்த தண்ணீராக இருக்க வேண்டும். சேலத்தில் மே மாதத்து மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் சொட்டு விட்டால் அது ஒருபோதும் சரியாகத் திரளாது. திரளவில்லையே என்று மேலும் காய்ச்சினால் பதம் தாண்டிவிடும். பானைத் தண்ணீரோ ஃபிரிட்ஜ் தண்ணீரோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் காய்ச்சும் கட்டத்தில் இந்தக் கருவிக்கு வேலை இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் அது பெரிய வேலை இல்லை. பாகு 105 டிகிரியைத் தாண்டுகிறவரை கிண்ணத்தைத் தொட வேண்டியதில்லை என்று அது சொல்லிவிடும். அதன் பிறகு சொட்டு விட்டுப் பார்த்து முடிவு செய்வது எளிதாகிறது. கை பழகியவர்களுக்கு இந்த உதவி தேவைப்படாது. புதிதாகச் செய்கிறவர்களுக்கு, எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சொட்டின் தன்மை மாறுவதையும் கவனித்தால், சில முறைகளிலேயே கண்ணும் விரலும் பழகிவிடும். மழைக்காலத்தில், குறிப்பாக மலையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும் நாட்களில், சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் ஒரு டிகிரி கூடுதலாகக் காய்ச்சுவது உண்டு. அந்த ஒரு டிகிரியைக் கருவி இல்லாமல் கணிப்பது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தக் கருவி தன் விலைக்கு உண்மையாகவே ஈடு செய்வது அடுப்பை அணைத்த பிறகு வரும் கட்டத்தில். பாகை இறக்கியதும் வெண்ணெயை அதன் மேல் போட்டுவிட்டு, கலக்காமல், அசைக்காமல் 43 முதல் 45 டிகிரி வரை ஆறவிட வேண்டும். உருகிய வெண்ணெய் மேலே ஒரு படலமாக நின்று ஆடை கட்டாமல் காக்கும். சூடாக இருக்கும்போதே கடைந்தால் படிகங்கள் குறைவாகத் தோன்றிப் பெரிதாக வளரும்; நன்றாக ஆறிய பாகைக் கடைந்தால் எண்ணற்ற படிகங்கள் ஒரே நேரத்தில் தோன்றி, ஒவ்வொன்றும் நாக்கு உணர முடியாத அளவுக்கு நுண்ணியதாகவே நின்றுவிடும். வழவழப்பும் மணலும் பிரிகிற இடம் இதுதான். இந்த இடத்தில் பார்த்து அறிய சொட்டு விடும் கிண்ணம் போன்ற சோதனை எதுவும் இல்லை. பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். அடிகனமான பாத்திரத்தில் வெளிப்புறம் ஒரு சூடும் நடுப்பாகு வேறொரு சூடுமாக இருக்கும் என்பதால் அந்தத் தொடுகை நம்பத்தக்கது இல்லை.

சேலத்தில் கோடையில் சமையலறையே 36 டிகிரியில் இருக்கும்போது, 112 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு இறங்க ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். கடைசிப் பத்து டிகிரி இறங்குவதற்குப் பொறுமை முழுவதும் செலவாகிவிடும்; தொட்டால் சூடு குறைந்தது போலத் தோன்றுகிற 60 டிகிரியிலேயே கரண்டியைப் போட்டுவிடத் தூண்டும். இந்த ஊரில் சமைத்த ஐசிங் மணலாகிப் போவதற்கு நான் கண்ட முதற்காரணம் இந்த அவசரமே. ஏற்காட்டில் இதற்கு நேர் எதிரான தொல்லை. டிசம்பர் இரவுகளில் 15 டிகிரிக்குக் கீழே போய்விடும் குளிரில், பாகு அரை மணி நேரத்துக்குள் 45 டிகிரிக்கு வந்துவிடும். கேக்கைத் தட்டில் எடுத்துவைத்துவிட்டு வரலாம் என்று போனால் திரும்பி வருவதற்குள் 35க்கு இறங்கி, கரண்டி அசையாத அளவுக்கு இறுகியிருக்கும். ஊசியைப் பாகில் நிறுத்திவைத்துவிட்டு அவ்வப்போது திரையைப் பார்த்துக்கொண்டால் இரண்டு ஊரிலும் சரியான நேரத்தில் கடையத் தொடங்கலாம். ஆற்றுவதை விரைவுபடுத்தக் குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய அகலப் பேசினில் பாத்திரத்தை இறக்கிவைப்பது பழைய முறை. இறக்கும்போது பாகு குலுங்கக் கூடாது. ஊசியைப் பாகுக்குள் விடும்போதும் அது சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். முன்பு ஒட்டிய சர்க்கரை அதில் காய்ந்திருந்தால் அதுவே படிகத்துக்கு விதையாகிவிடும்.

கடையும் கட்டத்தில் கருவியை எடுத்துவிட்டு மரக்கரண்டியையும் கண்ணையும் நம்ப வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் கடைந்தால் பாகு கெட்டியாகி, நிறம் ஒரு படி வெளுத்து, மேலே இருந்த பளபளப்பு மங்கத் தொடங்கும். பளபளப்பு முழுவதும் போவதற்குள் கேக்கின் மேல் கொட்டிப் பரப்பிவிட வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் இரண்டு மூன்று நிமிடம்தான். தாமதமாகிவிட்டால் ஒரு தேக்கரண்டி சூடான பாலை விட்டுக் குழைத்தால் மீண்டும் இளகிவரும். முழுவதும் மணலாகிவிட்ட ஐசிங்கைக்கூடக் கொட்ட வேண்டியதில்லை. சிறிது பால் சேர்த்து, படிகங்கள் கரைகிற வரை இளந்தீயில் வைத்து, மறுபடியும் பதம் வரும் வரை காய்ச்சிக்கொள்ளலாம்.

இனிக் கருவியின் குறைகள். பத்து நிமிடம் பொத்தானைத் தொடாமல் இருந்தால் பேட்டரியைக் காக்க இது தானாகவே அணைந்துவிடுகிறது. இறைச்சி வெந்துவிட்டதா என்று குத்திப் பார்ப்பவருக்கு இது வசதி; ஒரு மணி நேரம் ஆறும் பாகைக் கண்காணிப்பவருக்குப் பெரும் எரிச்சல். அடுத்தது, பாத்திரத்தில் மாட்டுவதற்குக் கொக்கி இல்லை. கொதிக்கும் பாகுக்கு மேலே கையால் பிடித்துக்கொண்டு நிற்பது ஆபத்து. 110 டிகிரிப் பாகு கையில் தெறித்தால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும், ஒட்டிக்கொண்டும் விடும். காகிதக் கட்டுகளுக்குப் போடும் கறுப்புக் கிளிப் ஒன்றைப் பாத்திரத்தின் விளிம்பில் மாட்டி, அதன் கம்பி வளையத்துக்குள் ஊசியைச் செருகிவைத்து இந்தக் குறையை ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் ஊசியின் முனை அடியில் முட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அடியைத் தொட்டால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். திரை பிளாஸ்டிக் மூடிக்குள் இருப்பதால் ஆவி படர்ந்து எண் மங்கலாகிறது, அதைத் துடைக்கக் கையை ஆவிக்குள் நீட்ட வேண்டியிருக்கிறது. எண் நிலைப்படுவதற்குச் சில விநாடிகள் எடுத்துக்கொள்வதையும் கணக்கில் வைத்து, கடைசி இரண்டு டிகிரி இருக்கும்போதே தீயைக் குறைத்துவிடுவது நல்லது. சற்றுக் கூடுதல் விலையில், ஊசி தனியாகவும் திரை தனியாகவும் கம்பியால் இணைக்கப்பட்டு, குறித்த டிகிரி வந்ததும் மணி அடிக்கும் வகையும் கிடைக்கிறது. அடிக்கடி கேக் செய்கிறவர்கள், அதிலும் ஆர்டர் எடுத்துச் செய்கிறவர்கள், அதை வாங்குவதே சரி என்பது என் கருத்து.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் மெல்லிய பாத்திரத்தில் காய்ச்சினால் எந்த வெப்பமானியாலும் பயனில்லை. உருக்காலை உள்ள ஊர்க்காரர்கள் என்பதால் நம் வீடுகளில் எவர்சில்வருக்குப் பஞ்சமில்லை. ஆனால் எவர்சில்வர் வெப்பத்தைச் சீராகப் பரப்பாத உலோகம், அதுவும் தகடு மெல்லியதாக இருந்தால் சுடர் படுகிற இடத்தில் பாலும் கோகோவும் அடிபிடித்துவிடும். அடியில் செம்போ அலுமினியமோ வைத்துச் சேர்த்த எவர்சில்வர் பாத்திரம் நல்லது. இல்லையென்றால் கனமான இண்டாலியம் வாணலி போதும். பால் பொங்கி எழும் என்பதால் காய்ச்சும் அளவைப் போல மூன்று மடங்கு கொள்ளளவு இருக்க வேண்டும், அதே நேரம் ஊசி முழுகும் ஆழம் கிடைக்க வாய் மிகவும் அகலமாக இருக்கக் கூடாது.

கோகோவில் காரம் சேர்த்துப் பதப்படுத்தியது, பதப்படுத்தாதது என்று இரண்டு வகை உண்டு. முதலாவது கருநிறமாகவும் மென்சுவையாகவும் இருக்கும், இரண்டாவது செம்பழுப்பாகவும் லேசான புளிப்போடும் இருக்கும். 400 கிராம் சர்க்கரையின் தித்திப்பைக் குறைத்துக் காட்டுவதால் இந்த ஐசிங்குக்கு நான் இரண்டாவதையே விரும்புகிறேன். நிறத்துக்காக முதலாவதைத் தேர்ந்தாலும் பதத்தில் மாற்றமில்லை. சர்க்கரை கலந்த குடிக்கும் சாக்லேட் தூளை மட்டும் பயன்படுத்தக் கூடாது, அளவுகள் எல்லாம் தவறிவிடும்.

ஆண்டுக்கு ஓரிரு பிறந்தநாள் கேக் மட்டும் செய்கிற வீட்டில், பாகு எடுக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தால், இந்தக் கருவி இல்லாமலும் காய்ச்சிவிடலாம். ஆறும் கட்டத்தில் மட்டும் சேலத்தில் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், மலையில் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மற்றவர்கள் தயங்காமல் வாங்கலாம். பயன்படுத்திய பின் ஊசியை மட்டும் வெந்நீரில் துடைத்துக் கழுவ வேண்டும். கைப்பிடிக்குள் தண்ணீர் புகுந்தால் திரை போய்விடும். கீழே விழுந்துவிட்டாலோ பேட்டரி மாற்றினாலோ, அடுத்த கேக்குக்கு முன்பு ஐஸ் சோதனையை மறுபடியும் செய்துகொள்ளுங்கள்.